சமூகப்பணியை விட்டு ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போகலாமா?

மதுரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அவருக்கு வயது 34. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து, குழந்தைகள் பாதுகாப்புக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். அவர் பணிபுரியும் திட்டம் வரும் மார்ச்சில் முடிகிறது. தாய்லாந்திலோ வியட்நாமிலோ ஆங்கில ஆசிரியராகச் சேர விரும்புகிறார். பி.எட். இல்லாமல் இது முடியுமா, ஒன்பது ஆண்டு அனுபவம் வீணாகிவிடுமா, வேலையை இப்போதே விட்டுவிடலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள். நானும் பதினோரு ஆண்டுகள் சமூகப்பணியில் இருந்துவிட்டுத் தாய்லாந்தில் ஆறு ஆண்டுகள் கற்பித்தவன் என்பதால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த யோசனை உங்களுக்கு வந்ததில் வியப்போ வெட்கமோ கொள்ள எதுவும் இல்லை. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு எடுக்கக்கூடிய பங்கு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஒரு நிறுவனம் பெற்ற நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டது. 1996 முதல் தொண்டு நிறுவனங்களை நம்பி இயங்கிய 1098 சைல்டுலைன் என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசிச் சேவை 2023இல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாறியபோது, அதில் பல ஆண்டுகள் இரவு பகலாக உழைத்தவர்கள் பலர் வேலை இழந்தார்கள். துறையே சுருங்கும்போது அதிலிருப்பவர்கள் வேறு வழி தேடுவது இயல்பு. ஆனால் களைப்பினால் மட்டும் கிளம்புகிறீர்கள் என்றால், வாரத்துக்கு இருபது பாடவேளை, ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் என்ற கணக்கில் ஓடும் தாய்லாந்து அரசுப் பள்ளி ஓய்வெடுக்கும் இடமல்ல என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். இந்தத் தொழிலில் உங்களை முதலில் எடைபோடுவது உங்கள் ஆங்கிலமோ பட்டமோ அன்று, உங்கள் பாஸ்போர்ட்தான். தென்கொரியா ஆங்கில ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தம் இந்தியர்களுக்கும் ஒரு சிறிய கதவைத் திறந்தது. ஆனால் அது ஆங்கிலப் பட்டத்தோடு ஆசிரியர் தகுதிச் சான்றும் வைத்திருப்பவர்களுக்குத்தான், அதுவும் பள்ளிகளில் துணை ஆசிரியராகப் பணியாற்ற மட்டும்தான். சீனாவிலும் பெரும்பாலான பணியிடங்கள் அதே ஏழு நாட்டவரை மனத்தில் வைத்தே விளம்பரம் செய்யப்படுகின்றன. போதாக்குறைக்கு 2021 ஜூலையில் வந்த கட்டுப்பாடுகள் அங்கே தனியார் பயிற்சி நிலையச் சந்தையையே முடக்கிவிட்டன. ஆங்கிலம் கற்பிப்போரின் பன்னாட்டுச் சங்கமான டெசால், தாய்மொழியை வைத்து ஆசிரியர்களுக்கிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்று 2006இலேயே அறிக்கை வெளியிட்டது. ஆனால் விசா விதிகளை எழுதுவது சங்கம் அல்லவே. ஆகவே உங்களை ஏற்காத நாடுகளுக்கு விண்ணப்பம் போட்டுப் பணத்தையும் தன்னம்பிக்கையையும் கரைக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு நாடுகளும் அந்த வகையில் நல்ல தேர்வுகள்தாம். தாய்லாந்தில் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களும் சட்டப்படி ஆசிரியராகலாம். பிலிப்பைன்ஸ் நாட்டவர் மிகப் பெரிய எண்ணிக்கையிலும், நம்மவர்கள் ஓரளவுக்கும் அங்கே பணியாற்றுகிறார்கள். இளங்கலைப் பட்டம் வேண்டும். அது எந்தப் பாடத்தில் இருந்தாலும் தொடக்கத்துக்குப் போதும். ஆங்கிலத் திறனுக்குச் சான்றாக டோயிக் தேர்வில் 600 மதிப்பெண் கேட்பார்கள், அல்லது அதற்கு ஈடான வேறொரு தேர்வு முடிவை ஏற்பார்கள். இலக்கியம் படித்த உங்களுக்கு அது பெரிய தடையாக இராது. குடியேற்றமற்ற 'பி' விசா, பணி அனுமதி, ஆசிரியர் பேரவையான குருசபாவின் அனுமதி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பள்ளியில் நீங்கள் முறைப்படியான ஆசிரியர். ஆசிரியக் கல்விப் பட்டம் இல்லாதவர்களுக்குக் குருசபா இரண்டு ஆண்டுக்குத் தற்காலிக அனுமதி தருகிறது. உங்கள் முதல் கேள்விக்கு இதுவே பதில்: பி.எட். இல்லாமல் தொடங்கலாம், ஆனால் அந்த அனுமதி தற்காலிகமானது என்பதால், அந்தக் காலத்துக்குள் அடுத்த தகுதியைப் பற்றி முடிவெடுத்தாக வேண்டும். (குருசபா என்ற பெயரில் இருப்பது நம் 'குரு'வேதான். அங்கே ஆசிரியரைக் 'க்ரூ' என்று அழைப்பார்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவர்கள் பூத்தட்டோடு வந்து மண்டியிட்டு வணங்கும் 'வாய் க்ரூ' சடங்கைப் பார்த்த முதல் ஆண்டு எனக்கு எங்கே நிற்பதென்றே தெரியவில்லை.)

வியட்நாமில் பட்டத்தோடு ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழும் வேண்டும். காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பிறகு பணி அனுமதி அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்கு வழங்கப்படும். ஹனோயிலும் ஹோ சி மின் நகரிலும் வேலை பெரும்பாலும் தனியார் மொழி நிலையங்களில்தான் கிடைக்கும். அவை பள்ளியும் அலுவலகமும் முடிந்த பிறகு, மாலையிலும் சனி ஞாயிறுகளிலும் இயங்குபவை. பகல் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஊரே ஓய்வெடுக்கும் நேரத்தில் வேலைக்குப் போகும் வாழ்க்கை எல்லோருக்கும் ஒத்துவராது. வளைகுடா நாடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி சொல்கிறேன்: அங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு பி.எட். இன்றியமையாதது, கல்லூரிகள் ஆங்கிலத்திலோ மொழி கற்பித்தலிலோ முதுகலை கேட்கும், எம்.எஸ்.டபிள்யூ. அந்த இடத்தை நிரப்பாது.

ஊதியத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே பள்ளியில், ஒரே வகுப்புகளை எடுக்கும் ஆங்கிலேயருக்கும் இந்தியருக்கும் வேறுவேறு சம்பளம் கொடுப்பது தாய்லாந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இதை ஏற்பதா மறுப்பதா என்பது உங்கள் முடிவு. தெரியாமல் போய் மாட்டிக்கொண்டு, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து புழுங்குவதைவிட, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது மேல்.

அடுத்தது பயிற்சி. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா, டிரினிட்டி வழங்கும் செர்ட்டெசால் ஆகிய இரண்டு ஆங்கில ஆசிரியர் சான்றிதழ்களும் உலகெங்கும் மதிக்கப்படுபவை. செல்டா குறைந்தது 120 மணி நேரப் படிப்பு; முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம், பகுதிநேரமாக என்றால் சில மாதங்கள் ஆகும், முற்றிலும் இணையவழியிலும் படிக்கலாம். அதன் உயிர்நாடி, உண்மையான மாணவர்களுக்கு முன்னால் பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் எடுக்க வேண்டிய ஆறு மணி நேரப் பாடங்கள். கட்டணம் இந்தியாவில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு '120 மணி நேர டெஃபல் சான்றிதழ்' என்று இணையத்தில் விற்கப்படுபவை பலவற்றில் ஒரு மாணவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தேர்ச்சி பெற்றுவிடலாம். காகிதம் கேட்கும் இடத்தில் அவை காகிதமாகப் பயன்படும், வகுப்பறையில் பயன்படா. சமூகப்பணி படித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. களப்பணி இல்லாமல் எம்.எஸ்.டபிள்யூ. கொடுத்தால் அதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

செல்டாவில் நம்மவர்கள் தடுமாறும் இடம் பேச்சாங்கிலம் அன்று, இலக்கண விளக்கம்தான். இலக்கியப் பட்டம் கவிதையைப் பற்றிப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கும், ஒரு வினைவடிவம் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்கக் கற்றுக்கொடுத்திருக்காது. நான் பயிற்சியில் மாட்டிக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். 'ஐ ஹேவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்' என்று மிக இயல்பாகச் சொன்னேன், பயிற்றுநர் நிறுத்திவிட்டார். தமிழில் 'போன வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன்' என்று சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. நம் 'இரு' என்ற துணைவினை முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டி உறவாடும். ஆங்கிலத்தின் 'ஹேவ் சீன்' அப்படி ஒட்டாது, 'லாஸ்ட் இயர்' என்று காலத்தைக் குறித்துவிட்டால் 'ஐ சா ஹிம்' என்றுதான் சொல்ல வேண்டும். அன்று கூச்சமாக இருந்தது. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட என் சக பயிற்சியாளர் ஒருவருக்கு அந்த வாக்கியம் தவறு என்று மட்டும் தெரிந்ததே தவிர, ஏன் தவறு என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு அந்த வாரமே தெரிந்துவிட்டது, ஏனெனில் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவன் நான்தான்.

தாய்லாந்து மாணவர்களின் பள்ளங்கள் வேறு. அவர்கள் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை; 'லேவ்' என்ற சொல்லைச் சேர்த்தால் செயல் முடிந்துவிட்டது என்று பொருள். அதனால் 'யெஸ்டர்டே ஐ கோ' என்பது அவர்கள் காதுக்கு நிறைவான வாக்கியம். சொல்லின் இறுதியில் வரும் 'ஸ்' ஒலி அவர்கள் நாவில் 'ட்' ஆகிவிடும், எனவே 'பஸ்' அங்கே 'பட்'. நாமோ அதே சொல்லைப் 'பஸ்ஸு' என்று உயிரெழுத்து சேர்த்து முடிக்கிறோம். உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டு உச்சரிப்பில் ஆங்கிலம் பேசுவது குற்றமில்லை. தெளிவாகவும் நிதானமாகவும், சொல்லில் அழுத்தம் விழ வேண்டிய அசையில் விழும்படியும் பேசப் பழகினால் போதும். நேர்காணலுக்காக அமெரிக்க உச்சரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கேள்வியிலேயே அது உதிர்ந்துவிடும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஒன்பது ஆண்டு அனுபவத்துக்கு விண்ணப்பப் படிவத்தில் தனிக் கட்டம் இராது. 'கற்பித்தல் அனுபவம்' என்ற இடத்தில் சுழியம் என்றுதான் பலர் எண்ணுவார்கள். வகுப்பறைக்குள் நிலைமை தலைகீழ். ஒருவரோடு தனியே அமர்ந்து உதவும் தனியாள் சமூகப்பணியில் நமக்கு முதலாண்டிலேயே சொல்லித்தருவது, எதிரிலிருப்பவர் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தை நம் பேச்சால் நிரப்பக்கூடாது என்பது. ஆசிரியர்களுக்கு இது எளிதில் வராது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார் என்றும், அதை மூன்று நொடியாக நீட்டினாலே மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் சிந்தனை மிக்கவையாகவும் ஆகின்றன என்றும் கண்டார். தாய்லாந்து மொழியில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அந்த மூன்று நொடியும் போதாது. வீட்டுவாசலில் நின்றுகொண்டு பேச மறுக்கும் தாயின் முன் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்த உங்களுக்குக் காத்திருக்கத் தெரியும்.

குழுச் சமூகப்பணியும் அப்படியே கைகொடுக்கும். மொழி வகுப்பின் வெற்றி ஆசிரியர் எவ்வளவு பேசினார் என்பதில் இல்லை, மாணவர்கள் தங்களுக்குள் எவ்வளவு பேசிக்கொண்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. சுய உதவிக் குழுக் கூட்டத்தில் ஒரே பெண் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்களை எப்படி உள்ளே இழுப்பது, ஓரத்தில் இருப்பவருக்கு எந்தச் சிறு பொறுப்பைக் கொடுப்பது என்று பழகியவர்களுக்கு இணைப் பயிற்சியும் குழுப் பயிற்சியும் புதிய வித்தை அல்ல. வயது வந்தோருக்குக் கற்பிக்க நேர்ந்தால் இன்னும் நல்லது. 1991இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கமான புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்ததன் பின்னால் இருந்த எண்ணம், பெரியவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு உடனே உதவுவதைத்தான் பற்றிக்கொள்வார்கள் என்பது. இரவு ஏழு மணிக்கு ஓட்டல் சீருடையோடு மொழி நிலையத்துக்கு வரும் வரவேற்பாளருக்கும் அதுவே பொருந்தும். அவருக்கு முதலில் வேண்டியது கோபத்தோடு நிற்கும் விருந்தாளியிடம் சொல்ல நான்கு வாக்கியங்கள்.

ஆனால் சமூகப்பணியின் ஒரு பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். நான் விடாததால் பட்டேன். முதல் ஆண்டில் ஒரு மாணவன் தொடர்ந்து பசியோடு வருவதைக் கவனித்து, ஒரு சக ஆசிரியையை மொழிபெயர்க்கச் சொல்லி அவன் வீட்டுக்கே போய்விட்டேன். நம் ஊரில் அது களப்பணி. அங்கே, மொழி தெரியாத அந்நியன் ஒருவன் குடும்பத்தின் மானத்தைக் கெடுத்துவிட்டதாக முடிந்தது. வகுப்பாசிரியை ஏற்கெனவே அந்தப் பையனுக்காகச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த உதவியும் என்னால் சிக்கலானது. அங்கே உங்களிடம் அந்த நாட்டு மொழி இல்லை, சட்ட அதிகாரம் இல்லை, விசாவோ பள்ளியின் கையில் இருக்கிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. ஒரு குழந்தை துன்புறுத்தலைப் பற்றி உங்களிடம் சொன்னால் யாரிடம் போக வேண்டும் என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பள்ளியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு 1098 போலத் தாய்லாந்தில் சமூக மேம்பாட்டு அமைச்சகத்தின் 1300 என்ற உதவி எண் உண்டு. சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டு நகர்வது, ஒன்பது ஆண்டு கேஸ் ஃபைல்களைத் தானே முடித்துப் பழகியவருக்குக் கடினமாகத்தான் இருக்கும்.

இரண்டு துறையும் உண்மையாகவே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. தாய்லாந்தின் தாக் மாகாணத்தில், மியான்மர் எல்லையில் இருக்கும் மே சோட் என்ற ஊர். புலம்பெயர்ந்த பர்மியத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான கற்றல் மையங்கள் அந்த வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன; எல்லையோரம் ஒன்பது அகதி முகாம்கள் பல பத்தாண்டுகளாக உள்ளன. உங்கள் பின்னணி கொண்ட ஆசிரியரை அங்குள்ளவர்கள் உண்மையாகவே மதிப்பார்கள், ஆனால் பெரும்பாலும் தன்னார்வப் பணி என்பதால் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது. கையிருப்பு இருந்தால் இரண்டாம் ஆண்டுக்கு யோசியுங்கள்.

மே சோட்டுக்கு எதிரே, மோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பது மியாவாடி. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிக் கிடந்தது அங்கேதான். ஆசிரியர் வேலை என்ற பெயரிலும் அழைப்பு வரலாம். சுற்றுலாவுக்கு வருவதுபோல் வந்துவிடுங்கள், விசாவை இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். பள்ளியின் முழுப் பெயரை வாங்கி, அந்தப் பள்ளியின் பொது எண்ணுக்கு நீங்களே பேசிப் பாருங்கள். காணொளி நேர்காணலில் தலைமையாசிரியரையோ துறைத் தலைவரையோ பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏஜெண்ட் மூலம் போவதானால் அவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் (eMigrate) தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. இரண்டு லட்சம் கேட்பவரிடம் இதை எடுத்துச் சொன்னாலே அவர் யார் என்பது தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, சந்தேகம் வந்தால் அங்கேயும் கேட்கலாம்.

கடைசியாக, வேலையை இப்போதே விடலாமா என்ற கேள்வி. விடாதீர்கள். தாய்லாந்தில் கல்வியாண்டு மே மாத நடுவில் தொடங்குகிறது, இரண்டாம் பருவம் நவம்பர் தொடக்கத்தில். உங்கள் திட்டம் மார்ச்சில் முடிந்தபின் சான்றிதழ், விசா எல்லாவற்றையும் ஆறேழு வாரத்தில் முடித்து மே மாதம் வகுப்பில் நிற்பது நடக்காத காரியம். நவம்பரைக் குறிவையுங்கள். சம்பளம் வரும் இந்த மாதங்களில் பகுதிநேர இணையவழிப் பயிற்சியில் சேருங்கள். கோடை விடுமுறையில் அருகிலுள்ள பள்ளியிலோ காப்பகத்திலோ வாரம் இரண்டு நாள் ஆங்கிலம் எடுத்து, இந்த வேலை பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பட்டச் சான்றிதழ்களுக்கு வேண்டிய சான்றொப்ப வேலையையும் உடன் நடத்துங்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தேவைப்பட்டால் அந்நாட்டுத் தூதரகம் என்று அது படிப்படியாக நகரும். காவல்துறைச் சான்றை மட்டும் கடைசியில் வாங்குங்கள், பழையதாகிவிட்டால் ஏற்க மாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் நிறுவனத்திடம் அனுபவச் சான்றிதழ் கேட்கும்போது, 'ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றினார்' என்ற ஒற்றை வரியோடு விடாமல், நீங்கள் நடத்திய பயிற்சி வகுப்புகள், வளரிளம் பருவத்தினருக்கான குழு அமர்வுகள், மாலை நேரப் படிப்பு மையப் பொறுப்பு ஆகியவற்றை மணிக்கணக்கோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். திட்டம் முடிந்து அலுவலகத்தைக் காலி செய்துவிட்டால், ஏப்ரலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்திடவோ, பள்ளியிலிருந்து விசாரித்தால் தொலைபேசியை எடுக்கவோ அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.